ஊரெல்லாம் காத்து

ஏழூர் சுற்றி வந்துவிட்டேன் என்று ஆறு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதில் ஐந்து ஊர் உண்மை. அந்த ஐந்திலும் இரண்டு, இரவல் சைக்கிளில் போனது.

உங்களிடம் மறைப்பானேன்? எக்சர்சைஸ் சைக்கிள் வாங்கி, அதன் ஹேண்டில் பாரில் ஈரத்துண்டு காயப்போட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. நான் தெருவில் ஓடுகிற சைக்கிளாக வாங்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது அதிலும் துண்டுதான் காய்கிறது.

எல்லாம் டாக்டரால் வந்தது. சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சோத்தைக் குறைங்க, உடம்பை அசைங்க" என்றார். தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற பேச்சா முதலாவது? இரண்டாவதை ஒழுங்காகச் செய்தால் முதலாவது தேவைப்படாது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவுக்கு வந்தது நான்தான், டாக்டர் இல்லை.

28,000 ரூபாய்க்கு, 21 கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். நம் டெல்டாவின் தரை எப்படி என்று உங்களுக்கே தெரியும். கல்லணையில் திறந்த தண்ணீர், எந்த மோட்டாரும் தள்ளிவிடாமல் தானாக வழிந்து கடைமடை வரை போய்ச் சேர்கிற சமவெளி. இங்கே மேடு ஏற வேண்டுமென்றால் ஆற்றுப் பாலத்தைத் தேடித்தான் போக வேண்டும். இரண்டு கியருக்கு வேலை கிடைத்தது. மீதி 19 கியருக்குத் தவணை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சைக்கிளோடு ஹெல்மெட், தண்ணி பாட்டில், உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த இறுக்கமான அரை டிராயர் எல்லாம் வந்தன. கூடவே, சுண்டுவிரல் நகம் அளவில் பித்தளைத் திருகு ஒன்று. "இது எதுக்குங்க?" என்று கேட்டேன். கடைக்காரர் விளக்கமாகச் சொன்னார். அப்போது நான் கண்ணாடியில் என் அரை டிராயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் திருகை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் பயணம் எங்கே? கல்லணைக்கு எல்லோரும்தான் போகிறார்கள். நான் ஏழூர் போவதாக அறிவித்தேன். திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் திருநெய்த்தானம். சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கில் கிளம்பி இந்த ஊர்களையெல்லாம் சுற்றுவார். போகிற ஊரிலெல்லாம் அந்தந்த ஊர்ச் சாமியும் தன் பல்லக்கோடு சேர்ந்துகொள்ள, கடைசியில் ஏழு பல்லக்குகளும் திருவையாற்றில் வந்து நிற்கும். இதைச் சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதாவது, அப்போதும் நான் நடக்கவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு கல்யாணக் கதை உண்டு. திருமழபாடியில் நந்தியெம்பெருமானுக்குத் திருமணம். பழனம் பழம் அனுப்பியது, சோற்றுத்துறை சோறு, வேதிகுடி வேதியர்கள், கண்டியூர் நகைநட்டு, பூந்துருத்தி பூ, நெய்த்தானம் நெய். ஊர் ஊராகச் சீர் பிரித்துக்கொண்ட கல்யாணம். ஐயாறப்பர் போவது அவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லத்தான் என்பார்கள். நம் வீட்டுக் கல்யாணங்களில் நன்றியைத் தாம்பூலப் பையோடு மண்டப வாசலிலேயே முடித்துவிடுகிறோம்.

"பல்லக்கைத் தோள்ல சுமந்துக்கிட்டு நடந்தே முடிக்கிறாங்க. எனக்கு 21 கியர் இருக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குச் சேர்த்து உலை வைக்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் ஒரு பாலம். கீழே ஆறு நிறைய தண்ணீர். சிலிர்த்துப்போய் போட்டோ எடுத்து, 'காவிரித் தாயின் மடியில்' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். சித்தப்பாவிடமிருந்து உடனே பதில் வந்தது: "அது வடவாறு."

கொஞ்ச தூரத்தில் இன்னொரு பாலம், இதைவிட அகலமான ஆறு. 'இதோ, நிஜக் காவிரி' என்று போட்டேன். "வெண்ணாறு" என்றார் சித்தப்பா. மூன்றாவது பாலத்தில் உஷாராகி, ஒன்றும் எழுதாமல் படத்தை மட்டும் போட்டேன். "வெட்டாறு. நீ எந்த ஊர்ல பொறந்த?" என்று வந்தது.

நான்காவது குடமுருட்டி. போட்டோ எடுக்கவே இல்லை. ஐந்தாவது பாலத்தில் நின்று, 'இதுவும் காவேரி இல்லைதானே?' என்று அடக்கமாகக் கேட்டேன். "இதுதான்" என்றார் சித்தப்பா. ஐந்து ஆறு இருப்பதால் ஐயாறு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஐந்தையும் நான் காவிரி என்று நினைத்தது என் பெருந்தன்மை.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குப் போனேன். 1847-இல் மறைந்த அவருடைய சமாதி கவனிப்பாரில்லாமல் கிடந்தபோது, பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைச் செலவழித்துக் கோயிலாகக் கட்டினார். வருஷா வருஷம் தை மாதத்தை ஒட்டி ஆராதனையில் வித்வான்கள் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுகிற இடம். ஆற்றங்கரை, காலை வெயில், அமைதி. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மனசுக்குள் வந்தது கீர்த்தனை இல்லை, அசோகா.

அசோகா என்றால் மரமோ சக்கரவர்த்தியோ இல்லை. பாசிப்பருப்பில் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறுகிற திருவையாற்று அல்வா. இன்றைக்கு எரிக்கப்போகிற கலோரிக்கு அட்வான்ஸாக நூறு கிராம் சாப்பிட்டேன். எடை போட்ட பையன் கை தாராளம், நூற்றைம்பது வந்தது. திருப்பிக் கொடுப்பது நாகரிகம் இல்லை.

அடுத்தது திருப்பழனம். கிழக்கே மூன்று கிலோமீட்டர் போல. ஏறி மிதித்ததுதான் தெரியும், சைக்கிள் பறந்தது. ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் வாழைத் தோப்பும் வயலும். கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அதைத் தாண்டியிருந்தேன். மூச்சு வாங்கவில்லை, வேர்வை இல்லை. இத்தனை வருஷமாக எனக்குள் ஒரு வீரன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான் என்று தோன்றியது. அவனை எழுப்பியது அசோகாவாக இருக்கலாம் என்றும் தோன்றியது.

பழனத்தில் டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர். "எங்க போறிய தம்பி?" என்றார். என் அரை டிராயரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே கேட்டார். நான் வயலைக் காட்டி, உள்ளூர்க்காரன் தோரணையில், "சம்பா நல்லா வந்திருக்கு போல" என்றேன். அவர் வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது குறுவை. சம்பாவுக்கு இன்னும் விதையே விடல. தம்பிக்கு எந்த ஊரு?" "தஞ்சாவூர்தான்." "டவுனுக்குள்ளேயேவா?" "ஆமா." "அதான்" என்றார்.

வேகத்தைப் பற்றியாவது பெருமையாகச் சொல்லலாம் என்று, திருவையாற்றிலிருந்து பத்தே நிமிஷத்தில் வந்ததைச் சொன்னேன். "ஆடி மாசத்து மேக்காத்து தம்பி. சாக்கை விரிச்சுப் பிடிச்சிக்கிட்டு ஒக்காந்தாலும் கும்மோணம் போயிடலாம்" என்றார். எனக்குள் எழுந்திருந்த வீரன் அங்கேயே மறுபடி படுத்துக்கொண்டான்.

அடுத்து ஆற்றைத் தாண்டிச் சோற்றுத்துறை. "பல்லக்கு எந்த வழியா ஆத்தைத் தாண்டும்?" என்று கேட்டேன். "பல்லக்கு போறது சித்திரையில. ஆத்துல பொட்டுத் தண்ணி இருக்காது, மணல்ல எறங்கி ஏறிடுவாங்க. இப்ப ஆடி. மேட்டூர் தொறந்து ஒண்ணரை மாசம் ஆச்சு. நீங்க என்ன, சைக்கிளோட நீந்துவியளா? திருவையாத்துக்கே திரும்பிப் போய்ப் பாலம் ஏறுங்க." ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் ஆற்றில் தண்ணீர் வரும் என்பது டெல்டாவில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். மேப்பில் பென்சிலால் நேர்க்கோடு போட்டு வந்தவனுக்குத் தெரியவில்லை.

திரும்பினேன். எதிர்க்காற்று என்பது சாதாரண வார்த்தை. அது ஆள் மாதிரி எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. ஆடிக்காத்தில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மிக்கு என்ன, மிதிக்கிற வேலை இல்லை. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். சாலையோரத்துப் பனைமரம் ஒன்று ரொம்ப நேரமாக என் பக்கத்திலேயே இருந்தது.

அப்போது என்னைத் தாண்டி ஒரு சைக்கிள் போனது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்குமே, முன்னால் கூடை வைத்த சைக்கிள், அதில் ஒரு பெண். கூடையில் டியூஷன் பை. "அங்கிள், கியரைக் குறைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய சைக்கிளில் கியரே இல்லை.

பாலம் ஏறி, காவிரி தாண்டி, குடமுருட்டி தாண்டி, மூச்சு வாங்க நின்றேன். மூச்சு வாங்க நின்றதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று, கொக்கைப் போட்டோ எடுப்பது போல் சைக்கிளைக் கரையோரம் இறக்கினேன். கொக்கு பறந்துபோனது. பின்சக்கரத்தில் கருவமுள் ஏறியது. கண்டியூர் வரை தள்ளிக்கொண்டு போனேன்.

கண்டியூர் சாதாரண ஊர் இல்லை. அட்டவீரட்டத் தலங்களில் ஒன்று. தனக்கும் ஐந்து தலை இருக்கிறது என்று கர்வப்பட்ட பிரம்மாவின் ஒரு தலையைச் சிவபெருமான் கிள்ளி எறிந்த இடம். கர்வம் பிடித்தவர்களைக் கவனிப்பதில் அந்த ஊருக்கு நல்ல அனுபவம் உண்டு. பிரம்மாவுக்குத் தலை போனது. எனக்குக் காற்றோடு விட்டுவிட்டார்கள்.

பஞ்சர் கடைக்காரர் கெட்டிக்காரர். டயரைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் தடவி முள்ளைப் பிடுங்கினார். அதே இடத்தில் டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டு முடித்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு காற்று அடிக்கக் குழாயை எடுத்தார். வால்வைப் பார்த்தார். குழாயைக் கீழே வைத்தார்.

சைக்கிளுக்கு என்று இருக்கிற கைப்பம்ப் அதில் சேரவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற ஏர் மெஷினும் சேரவில்லை. என் சைக்கிளின் வால்வு வெளிநாட்டு ஜாதி, ஊசி மாதிரி ஒல்லி. "இதுக்கு ஒரு நாசில் குடுத்திருப்பாங்களே சார்? பித்தளையில, குட்டியா, திருகு மாதிரி?" என்றார். நீங்கள் ஞாபகம் வைத்திருந்தீர்கள் அல்லவா? எனக்கு அப்போதுதான் வந்தது. ஞாபகம் மட்டும் வந்தது. திருகு தஞ்சாவூரில் எந்த டப்பாவில் இருக்கிறதோ.

வாயால் ஊதிப் பார்த்தேன். சுற்றி நின்ற பையன்கள் மரியாதையாகச் சிரித்தார்கள். ஆடிக்காற்று கடைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது, எதிரே தென்னை மட்டையெல்லாம் கிழக்கே பார்த்துப் படுத்திருந்தது, டீக்கடை பேப்பர் பறந்து வயலில் விழுந்தது. ஊரெல்லாம் காத்து. என் டியூபில் அடிக்க ஒரு மூச்சு இல்லை.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "ரெண்டு ஊரு பக்கத்துலதான் சார். நம்ம பொண்ணு சைக்கிள்ல போய்ட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து எடுத்து வந்தார். முன்னால் கூடை, நடுவில் பார் கிடையாது, அரசு முத்திரை போட்ட விலையில்லா மிதிவண்டி. 28,000 ரூபாயைச் சுவரில் சாய்த்துவிட்டு, விலையில்லாததில் ஏறினேன். எத்தனை தடவை அந்தப் பெயரை ரேஷன் கடை நினைப்பில் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது. ஹெல்மெட்டைக் கூடைக்குள் போட்டேன், கூடை எதற்கு இருக்கிறது என்பதும் புரிந்தது.

கிழக்குப் பக்கம் என்பதால் வண்டி மறுபடியும் பறந்தது. இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. வேதிகுடியில் ஒரு திண்ணைத் தாத்தா கூப்பிட்டு உட்காரவைத்தார். காலையில் என்ன சாப்பிட்டேன் என்று விசாரித்தார். அசோகா என்றேன். "அதை மட்டுமா? சைக்கிளை மிதிக்கிறது காலு இல்ல தம்பி, வயிறு" என்று ஆரம்பித்து, பித்தம், மூட்டு, பழையசோறு என்று அரை மணி நேரம் எடுத்துச் சொன்னார். வேதிகுடியில் எனக்குக் கிடைத்த வேதம் அது. அர்த்தம் முழுக்கப் புரிந்ததால் சுகமாகத் தூக்கம் வந்தது.

சோற்றுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நடை சாத்தியாயிற்று, இனி நாலு மணிக்குத்தான். பசித்த அடியாருக்குச் சாமியே சோறு கொடுத்ததால் அந்தப் பெயர் வந்த ஊர். என் கண்ணுக்கு எட்டிய வரை ஹோட்டல் இல்லை. கோயில் வாசல் நிழலில் உட்கார்ந்தவனைப் பார்த்து, எதிர்வீட்டு அப்பாயி ஒருவர், "யாரு பெத்த புள்ளையோ, டவுசரோட ஒக்காந்திருக்கு" என்று உள்ளே போய்ச் சட்டியோடு வந்தார். பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், மோர் மிளகாய்.

டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் டாக்டர் சொன்னது தஞ்சாவூரில். இது தேவாரம் பாடிய ஊர், இங்கே சாமி பேச்சுத்தான் செல்லும். இரண்டாவது சட்டியை அப்பாயி வற்புறுத்தினார் என்று எழுத ஆசை. நான்தான் கேட்டு வாங்கினேன்.

வயிறு நிறைய சோறு, எதிரே மேக்காத்து. அந்தப் பெண்ணின் சைக்கிளைப் பாதித் தூரம் மிதித்தேன், பாதித் தூரம் தள்ளினேன். கண்டியூர் வந்து ஒப்படைத்தபோது கடைக்காரர், "மிச்ச ரெண்டு ஊரு?" என்றார். பூந்துருத்தி மேற்கே இருக்கிறது. திருஞானசம்பந்தர் ஏறிவந்த பல்லக்கை, வயதில் மூத்த அப்பர் பெருமான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தோள் கொடுத்துச் சுமந்த ஊர். அப்பேர்ப்பட்ட ஊருக்கு ஒரு சைக்கிளைக்கூடச் சுமந்து போக என்னால் முடியவில்லை.

திருவையாற்றிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போகிற குட்டியானை ஒன்றைக் கடைக்காரர் கைகாட்டி நிறுத்தினார். சைக்கிளைத் தார்களுக்கு மேலே படுக்க வைத்தார்கள், என்னைத் தார்களுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். பழனத்தில் கிடைக்காத பழம் சுற்றிலும் இருந்தது, எல்லாம் காய். சோழ நாட்டில் யானை மேல் ஊர் திரும்பிய பெருமையாவது மிஞ்சட்டும் என்று தலையை நிமிர்த்தி உட்கார்ந்தேன். வெட்டாற்றுப் பாலத்துக் குழியில் வண்டி குதித்ததில் அந்தப் பெருமை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. மெத்தை வைத்த டிராயருக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது.

வீட்டு வாசலில் போன் கிணுகிணுத்தது. சைக்கிள் ஆப்பை நிறுத்த மறந்திருக்கிறேன். 'வாழ்த்துகள்! மணிக்கு 52 கிலோமீட்டர். இதுவரை உங்களுடைய சிறந்த வேகம்' என்று வந்திருந்தது. சித்தப்பா இருக்கும் குரூப்பில் அதைப் போட்டேன். "எந்த லாரி?" என்று கேட்டார்.

மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். "அஞ்சு ஊர் முடிஞ்சிடுச்சு. பூந்துருத்தியும் நெய்த்தானமும்தான் பாக்கி. அடுத்த வாரம்..." என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பிப் பார்க்காமல் தலையில் இருந்த மல்லிகையைத் தொட்டுக் காட்டினாள். தோசை மேல் ஒரு ஸ்பூன் நெய்யை ஊற்றினாள்.

"பூவும் ஆச்சு, நெய்யும் ஆச்சு. ஏழூரும் முடிஞ்சுது. போய்க் குளிங்க."